ஆவாரம்பூ வைட்டமின் சி-யை ஜெயித்துவிட்டதா?

கேள்வி (ஆகஸ்ட் 3, மாலை)

அக்கா, நான் எம்.எஸ்சி. பயோகெமிஸ்ட்ரி இரண்டாம் ஆண்டு. ஆவாரம்பூ மெத்தனால் எக்ஸ்ட்ராக்ட்டின் ஆன்டிஆக்ஸிடன்ட் வலுவை டிபிபிஹெச் முறையில் பார்த்தேன் (டிபிபிஹெச் ஊதா நிற ஃப்ரீ ரேடிக்கல், ஆன்டிஆக்ஸிடன்ட் பட்டால் வெளுத்து மஞ்சளாகும்). 1 மிலி சாறு, 3 மிலி 0.1 மில்லிமோலார் டிபிபிஹெச், இருட்டில் 30 நிமிடம், 517 நானோமீட்டரில் ரீடிங். பூவுக்கு ஐசி50 மிலிக்கு 210 மைக்ரோகிராம், அஸ்கார்பிக் அமிலத்துக்கு 38. அதாவது வைட்டமின் சி-யை விட ஐந்தரை மடங்கு அதிகம். "ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ" என்று முன்னுரையையும் தொடங்கிவிட்டேன். அடுத்த மாதம் வைவா. இதை இப்படியே எழுதலாமா?

ஆகஸ்ட் 3, இரவு 10.15

எழுதாதே தம்பி. ஐசி50 குறைந்தால்தான் வலு அதிகம். டிபிபிஹெச்சில் பாதியை அழிக்க எவ்வளவு சரக்கு தேவைப்பட்டது என்பதுதான் அந்த எண். வைட்டமின் சி 38-லேயே முடித்துவிட்டது, உன் பூவுக்கு 210 வேண்டியிருந்தது. ஐந்தரை மடங்கு பின்னால் நிற்கிறது.

பழமொழி இருக்கட்டும். அதற்கு ஐசி50 கிடையாது.

ஆகஸ்ட் 3, இரவு 10.40

மேலே கொஞ்சம் வெடுக்கென்று சொல்லிவிட்டேன். இது எல்லோரும் விழும் குழிதான். ஒரே ஊருக்குப் போக ஒரு வண்டி 2 லிட்டர் பெட்ரோல் குடித்தது, இன்னொன்று 10 லிட்டர் குடித்தது என்றால் எது நல்ல வண்டி? அவ்வளவுதான். சதவீதத் தடுப்பு (டிபிபிஹெச்சில் எத்தனை சதவீதம் வெளுத்தது) என்ற எண் கூடினால் நல்லது, ஐசி50 கூடினால் மோசம். இரண்டும் ஒரே பக்கத்தில் பக்கத்துப் பக்கத்துப் பட்டியலாக இருப்பதால் குழப்பம் வருகிறது. வைவாவில் வெளியிலிருந்து வருபவர் முதலில் கேட்பது இதைத்தான்.

ஆகஸ்ட் 4, காலை

பஸ்ஸில் வரும்போதெல்லாம் உன் 210 எனக்கு ஞாபகம் வரவில்லை. 38-தான் உறுத்துகிறது.

ஒரு அஸ்கார்பிக் அமில மூலக்கூறு இரண்டு டிபிபிஹெச் மூலக்கூறுகளை வெளுக்கும். 0.1 மில்லிமோலாரில் பாதி 0.05. அதை முடிக்க 0.025 மில்லிமோலார் அஸ்கார்பிக் அமிலம் போதும். மூலக்கூறு எடை 176. பெருக்கினால் மிலிக்கு 4.4 மைக்ரோகிராம். காகிதத்திலேயே வரும் விடை இது, ஸ்பெக்ட்ரோ வேண்டாம். உனக்கு 38 வந்திருக்கிறது. ஏறக்குறைய ஒன்பது மடங்கு. ஸ்டாண்டர்டே இப்படி என்றால் பூவின் எண்ணை எப்படி நம்புவது?

ஆகஸ்ட் 4, மதியம் (காலையில் எழுதியதில் திருத்தம்)

சாப்பிடும்போதுதான் உறைத்தது. நீ 1 மிலி சாறில் 3 மிலி டிபிபிஹெச் ஊற்றியிருக்கிறாய். ட்யூபுக்குள் டிபிபிஹெச் 0.1 இல்லை, 0.075 ஆகிவிட்டது. அப்படியானால் 4.4 தப்பு, 3.3 என்று வரும். கணக்கை நானே அவசரத்தில் போட்டேன்.

இன்னொன்று. உன் 38 என்பது ட்யூபில் இருந்த அளவா, ஊற்றுவதற்கு முன் பாட்டிலில் இருந்த அளவா? பாட்டில் அளவு என்றால் ட்யூபுக்குள் அது நாலில் ஒரு பங்கு, 9.5. அப்போதும் 3.3-க்கு மூன்று மடங்கு தள்ளித்தான் இருக்கிறது. ஒன்பது மடங்கு என்று பயமுறுத்தியதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன், மூன்று மடங்கு என்று வைத்துக்கொள்.

பல பிராஜெக்ட்டுகளில் இதைச் சொல்லவே மாட்டார்கள். ஒருவர் பாட்டில் அளவைப் போடுவார், இன்னொருவர் ட்யூப் அளவைப் போடுவார். அப்புறம் "முந்தைய ஆய்வை விட நான்கு மடங்கு சிறந்தது" என்று ஒரு வரி எழுதுவார்கள். அந்த நான்கு மடங்கு பைப்பட்டிலிருந்து வந்தது, செடியிலிருந்து வரவில்லை.

ஆகஸ்ட் 4, இரவு

தம்பி பதில் போட்டிருக்கிறான்: பாட்டில் அளவுதானாம். அஸ்கார்பிக் அமிலத்தைத் திங்கள்கிழமை தண்ணீரில் கரைத்து ரேக்கில் வைத்தானாம், ரீடிங் எடுத்தது புதன்கிழமை.

சரி, மீதி மூன்று மடங்கு எங்கே போனது என்று தெரிந்துவிட்டது. வைட்டமின் சி தண்ணீரில் கரைந்ததும் காற்றில் கெட ஆரம்பிக்கும். தண்ணீரில் துளி செம்போ இரும்போ இருந்தால் இன்னும் வேகம். திங்கட்கிழமைக் கரைசல் புதன்கிழமைக்கு மூன்றில் இரண்டு பங்கு செத்திருக்கும். அன்றன்றைக்குக் கரை, கரைத்த ஒரு மணி நேரத்துக்குள் முடி. எலுமிச்சைச் சாற்றை முந்தாநாள் பிழிந்து வைத்துவிட்டு இன்றைக்கு ருசி பார்ப்பாயா?

ஆகஸ்ட் 5, ஞாயிறு

எனக்கு இதைச் சொல்லத் தகுதி உண்டா என்று நேற்று இரவு யோசித்துக்கொண்டிருந்தேன். 2009-இல் என் பிராஜெக்ட் கீழாநெல்லி. 0.1 மில்லிமோலார் டிபிபிஹெச் 100 மிலி வேண்டுமென்றால் 3.94 மில்லிகிராம் நிறுக்க வேண்டும். எங்கள் லேபில் இருந்த தராசு இரண்டு தசம இடம் காட்டும். கிராமில்! பட்டர் பேப்பரில் அந்தக் கருநிறப் பொடியை ஸ்பாட்டுலா முனையால் தட்டித் தட்டிப் போட்டேன். 0.00. இன்னும் ஒரு தட்டு. 0.00. இன்னும் ஒன்று. 0.01 என்று மின்னிவிட்டு மறுபடி 0.00. அந்த மின்னலை நம்பி "நிறுத்தாச்சு" என்று கரைத்தேன். நோட்டில் 3.94 என்றே எழுதினேன், அந்த 4-ஐ எங்கிருந்து பார்த்தேன் என்று இன்றைக்கும் தெரியாது.

கரைசல் கத்தரிக்காய்த் தோல் நிறத்தில் அருமையாக இருந்தது. ரீடிங் 2-க்கு மேல். "நல்லா டார்க்கா வந்திருக்கு" என்று சந்தோஷப்பட்டேன்.

ஆகவே: 39.4 மில்லிகிராம் நிறுத்து 100 மிலி மெத்தனாலில் கரை, அது 1 மில்லிமோலார். அதிலிருந்து 10 மிலி எடுத்து 100 ஆக்கு. நான்கு தசமத் தராசு வேண்டும், வேறு டிபார்ட்மென்ட்டில் போய்க் கெஞ்சினாலும் பரவாயில்லை. உன் அளவில் கன்ட்ரோல் ட்யூப் (சாறுக்குப் பதில் வெறும் மெத்தனால் ஊற்றியது) 0.8-லிருந்து 0.95-க்குள் நின்றால் கரைசல் சரியாக இருக்கிறது என்று அர்த்தம். பாட்டிலில் அலுமினியத் தாள் சுற்று. காலையில் போட்ட கன்ட்ரோலை மத்தியானம் மறுபடி பார், இறங்கியிருந்தால் புதிதாகப் போடு.

ஆகஸ்ட் 6

பூ எங்கே வாங்கினாய் என்று கேட்க மறந்துவிட்டேன். "நாட்டு மருந்துக் கடை" என்கிறான். போச்சு.

காய்ந்து மடங்கிய மஞ்சள் இதழ் எல்லாமே ஒன்றுபோலத்தான் இருக்கும். எங்கள் கல்லூரிக்கு ஒரு மாணவி கொண்டு வந்த கால் கிலோ பொட்டலத்தைத் தாவரவியல் ஆசிரியை வெள்ளைத் தாளில் கொட்டி, ஊறவைத்து, ஒவ்வொன்றாக விரித்துப் பிரித்தார். நல்ல பங்கு கொன்றைப் பூ. கடைக்காரரைக் குறை சொல்லவும் முடியாது, அவருக்கும் யாரோ கொண்டு வந்து போட்டதுதான்.

செடியோடு பறித்தால் பிரச்சினையே இல்லை. ஆவாரை இலைக்காம்பு தண்டில் சேரும் இடத்தைப் பார், காது மடல் மாதிரி அகலமாக இரண்டு சிறு இலைச்செதில்கள் நிற்கும். சென்னா ஆரிகுலேட்டா என்ற பெயரில் உள்ள ஆரிகுலேட்டா அந்தக் காதுதான். பழைய புத்தகங்களில் கேசியா ஆரிகுலேட்டா என்று இருக்கும், அதே செடிதான், இரண்டு செடி என்று நினைத்துத் தனித்தனியாக மேற்கோள் காட்டாதே. (காட்டியவரைப் பார்த்திருக்கிறேன்.) பொங்கலுக்குக் காப்புக் கட்டும் ஊர்க்காரன் என்றால் உன் பாட்டியே அடையாளம் சொல்லிவிடுவார், பூளைப்பூ, வேப்பிலையோடு சேர்த்துக் கட்டுவது இதைத்தானே.

பூவும் காயும் இலையும் உள்ள ஒரு கிளையை அழுத்திக் காயவைத்து ஹெர்பேரியத்தில் (உலர்த்திய செடிகளை அடையாளம் பார்த்துச் சேர்த்து வைக்கும் இடம்) கொடுத்து எண் வாங்கு. கோவையில் பொட்டானிக்கல் சர்வே ஆஃப் இந்தியாவின் தென்மண்டல அலுவலகம் இருக்கிறது, திருச்சியில் ராபினாட் ஹெர்பேரியம் இருக்கிறது. இந்த எண் இல்லாத பிராஜெக்ட்டை "மஞ்சள் பூ ஒன்றின் ஆய்வு" என்றுதான் எழுத வேண்டும்.

ஆகஸ்ட் 6, இரவு

வேறொருவர் நடுவில் கேட்கிறார்: "செம்பருத்திக் கஷாயம் போட்டால் தடுப்பு மைனஸ் 12 சதவீதம் வருகிறது. ரேடிக்கல் உற்பத்தி செய்கிறதா?"

இல்லைங்க. இரண்டு காரணம் இருக்கலாம். செம்பருத்தியின் சிவப்பு ஆந்தோசயனின், அது 520 நானோமீட்டருக்குப் பக்கத்தில்தான் ஒளியை உறிஞ்சும். நீங்கள் பார்ப்பது 517. டிபிபிஹெச் வெளுக்கிறது, பூவின் சிவப்பு அந்த இடத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. அதனால் ஒவ்வொரு அளவுக்கும் ஒரு பிளாங்க் வேண்டும்: சாறு போடுங்கள், டிபிபிஹெச்சுக்குப் பதில் வெறும் மெத்தனால் ஊற்றுங்கள், வரும் ரீடிங்கைக் கழியுங்கள்.

இரண்டாவது, செம்பருத்தி இலையையோ பூவையோ கையால் கசக்கியிருப்பீர்கள், வழவழவென்று கோழை வரும். தண்ணீரில் கரைந்த அந்தக் கோழை மெத்தனாலைப் பார்த்ததும் திரிந்துவிடும். ட்யூபை ஜன்னலுக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள், அரிசி கழுவிய தண்ணீர் மாதிரி இருந்தால் ஸ்பெக்ட்ரோ அளப்பது கலங்கலை. வடிகட்டுங்கள், அல்லது சென்ட்ரிஃப்யூஜ் செய்யுங்கள்.

தண்ணீர்ச் சாறுதான் வேண்டும் என்று அடம்பிடித்தால் ஏபிடிஎஸ் முறைக்குப் போங்கள், அது தண்ணீரிலும் வேலை செய்யும் இன்னொரு நிறமுள்ள ரேடிக்கல். 7 மில்லிமோலார் ஏபிடிஎஸ்ஸில் 2.45 மில்லிமோலார் பொட்டாசியம் பெர்சல்ஃபேட் இருக்கும்படி கலந்து, இரவு முழுக்க இருட்டில் வைத்து, மறுநாள் 734 நானோமீட்டரில் 0.70 வரும்வரை நீர்த்துக்கொள்ள வேண்டும். 734-இல் செம்பருத்தியின் சிவப்பு தொந்தரவு தராது. ஒரு நாள் கூடுதல் வேலை, அவ்வளவுதான்.

ஆகஸ்ட் 8

இன்றைக்கு இழை எங்கோ போகிறது, பரவாயில்லை.

ஆவாரம்பட்டை என்றால் எங்கள் தாத்தாவுக்குத் தோல் பதனிடுவதுதான் ஞாபகம் வரும். திண்டுக்கல் பக்கம் பழைய தொட்டிகளில் ஆவாரம்பட்டையை ஊறவைத்துத்தான் தோல் போடுவார்கள். பிறகு தென்னாப்பிரிக்காவிலிருந்து வாட்டில் பட்டை வந்து அதை ஓரங்கட்டியது. பட்டையில் இருக்கும் டானின் தோலின் புரதத்தைப் பிடித்து இறுக்கும், பச்சைத் தோல் அழுகாமல் லெதர் ஆகும். அதே டானின் வாயில் பட்டால் எச்சில் புரதத்தைப் பிடிக்கும், நாக்கு இழுத்துக்கொள்ளும். அதைத்தான் துவர்ப்பு என்கிறோம்.

டானின் பாலிஃபீனால். பாலிஃபீனால் ஹைட்ரஜனைக் கொடுக்கும், டிபிபிஹெச் வெளுக்கும். ஆகவே என் ஆராய்ச்சி முடிவு, இலவசம்: துவர்க்கும் எதைப் போட்டாலும் டிபிபிஹெச் மஞ்சளாகும். கடுக்காய், மாதுளைத் தோல், நாவல் கொட்டை, வாழைப்பூ. நாக்கே ஒரு ஸ்பெக்ட்ரோ. (லேபில் எதையும் நக்கிப் பார்க்காதீர்கள், வீட்டில் பாருங்கள்.)

"இந்தச் செடியில் ஆன்டிஆக்ஸிடன்ட் இருக்கிறது" என்பது அதனால் ஒரு கண்டுபிடிப்பே இல்லை. இல்லாத இலையைக் கண்டுபிடித்தால்தான் செய்தி. நான் ஒவ்வொரு பேட்சுக்கும் சொல்வது, அஸ்கார்பிக் அமிலத்தோடு கூட டீத்தூளையும் ஒரு கன்ட்ரோலாக வை. அதே எடை, அதே மெத்தனால், அதே நேரம். முதல் தடவை செய்தபோது கடைசி பெஞ்ச் பையன்தான் சிரித்தான்: "மேடம், ஒரு வருஷ பிராஜெக்ட்டை கேன்டீன் டீ தோற்கடிச்சிடுச்சு."

ஆகஸ்ட் 9

முப்பது நிமிடம் பற்றிக் கேட்கிறார்கள். அது வசதிக்காக வந்த பழக்கம். 1958-இல் பிளாய்ஸ் 'நேச்சர்' இதழில் இந்த முறையை எழுதியபோது சிஸ்டீன் என்ற அமினோ அமிலத்தை வைத்துக் காட்டினார். 1995-இல் பிராண்ட்-வில்லியம்ஸும் கூட்டாளிகளும் ஒவ்வொரு பொருளையும் அது ஓயும்வரை விட்டுப் பார்த்தார்கள். அஸ்கார்பிக் அமிலம் ஒரு நிமிடத்துக்குள் முடித்துவிடும். சில ஃபீனால்கள் மணிக்கணக்கில் இழுக்கும். பெரிய டானின் மூலக்கூறு மெதுவாகத்தான் வேலை செய்யும், அதை 30 நிமிடத்தில் நிறுத்தினால் ஓடிக்கொண்டிருப்பவனை நடுவழியில் மடக்கி மார்க் போடுவது போல. ஒரே ஒரு அளவை எடுத்து 5, 15, 30, 60, 90 நிமிடங்களில் ரீடிங் எடுத்து ஒரு கோடு வரை. கோடு படுத்துவிட்டதா என்று தெரியும். அரை நாள் வேலை.

ஆகஸ்ட் 11

வந்துவிட்டது, நான் பயந்த கேள்வி. "அப்படியானால் தினமும் ஆவாரம்பூ டீ குடித்தால் கேன்சர் வராதா? அப்பாவுக்கு சுகர், மாத்திரையை நிறுத்தலாமா?"

மாத்திரையை நிறுத்தாதீர்கள். இந்த இழையில் யாரும் எதையும் நிறுத்தச் சொல்லவில்லை.

ட்யூபில் இருக்கும் டிபிபிஹெச் உடம்பில் கிடையாது. மெத்தனாலும் கிடையாது, இருந்தால் ஆஸ்பத்திரியில் இருப்போம். குடித்த பாலிஃபீனாலில் கொஞ்சம்தான் ரத்தத்துக்குப் போகிறது, போவதும் குடலிலும் கல்லீரலிலும் உருமாறித்தான் போகிறது. அமெரிக்க விவசாயத் துறை உணவுகளுக்கு ஓராக் மதிப்பு (ட்யூபில் அளக்கும் ஆன்டிஆக்ஸிடன்ட் வலு) என்று ஒரு பெரிய பட்டியல் வைத்திருந்தது. அந்த எண்களுக்கும் உடல்நலத்துக்கும் தொடர்பு காட்ட முடியவில்லை, கம்பெனிகள் விளம்பரத்துக்குப் பயன்படுத்துகின்றன என்று சொல்லி 2012-இல் எடுத்தே விட்டார்கள்.

இன்னும் கசப்பான கதை ஃபின்லாந்தில் நடந்தது. புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேர். ஒரு பகுதியினருக்கு தினமும் 20 மில்லிகிராம் பீட்டா கரோட்டீன். ஆன்டிஆக்ஸிடன்ட், நுரையீரலைக் காக்கும் என்று நம்பிக்கொடுத்தார்கள். 1994-இல் முடிவு வந்தபோது அதைச் சாப்பிட்டவர்களிடம் நுரையீரல் புற்று 18 சதவீதம் அதிகம். அமெரிக்காவில் நடந்த கேரட் என்ற இன்னொரு சோதனையையும் 1996-இல் பாதியிலேயே நிறுத்தினார்கள், அதே காரணம். கேரட் என்பது சோதனையின் பெயர், காய்கறியை ஒன்றும் சொல்லவில்லை, கேரட் பொரியல் சாப்பிடலாம்.

ஆகஸ்ட் 12

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு ஒருவர் "அப்புறம் எதுக்கு இந்த டெஸ்ட், குப்பையில் போடலாமே" என்கிறார்.

அவ்வளவு தூரம் போக மாட்டேன். ஒரே செடியின் நிழலில் காய்ந்ததும் வெயிலில் காய்ந்ததும் எவ்வளவு வேறுபடுகிறது, ஆறு மாதம் டப்பாவில் இருந்த பொடி எவ்வளவு இழந்தது, எண்ணெய் சிக்குப் பிடிக்காமல் இருக்க எந்தச் சாற்றைச் சேர்க்கலாம், இதற்கெல்லாம் இது மலிவான, நல்ல கருவி. எக்ஸ்ட்ராக்ட்டைப் பகுதி பகுதியாகப் பிரித்துக்கொண்டே போகும்போது எந்தப் பகுதியில் சரக்கு இருக்கிறது என்று மோப்பம் பிடிக்கவும் உதவும். தராசைத் தெர்மாமீட்டராகப் பயன்படுத்தினால் தராசின் தப்பா?

எனக்கு இந்த டெஸ்ட்டின் மேல் ஒரு பாசமும் உண்டு என்பதை மறைக்க வேண்டாம். முதல் தடவை பைப்பட் நுனியிலிருந்து சாறு விழுந்ததும் ஊதா ஓரத்திலிருந்து கரைந்து ஒயின் நிறமாகி, பிறகு மங்கிய மஞ்சளாகும் அந்த அரை நிமிடம். வாரத்துக்கு நாற்பது ட்யூப் பார்த்தும் அலுக்கவில்லை.

ஆகஸ்ட் 12, பின்குறிப்பு

ஆனால் ஆவாரம்பூச் சாறே மஞ்சள். கண்ணால் பார்த்து "மஞ்சளாயிடுச்சு" என்று எழுதாதே, நீ ஊற்றிய மஞ்சளும் அதில் இருக்கிறது.

ஆகஸ்ட் 20

தம்பி திரும்பவும் செய்திருக்கிறான், சொந்த ஊரில் காது பார்த்துப் பறித்த பூ. அன்றைக்கே கரைத்த அஸ்கார்பிக் அமிலம், ட்யூப் அளவுக் கணக்கில் 3.6. கணக்கு சொன்ன 3.3-க்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது, பார்த்ததும் லேபிலேயே கைதட்டினேன், பக்கத்து மேசைக்காரர் என்னவோ என்று திரும்பிப் பார்த்தார். பூ 41. டீத்தூள் 11. ஆவாரம்பூவை 90 நிமிடம் விட்டால் 41 என்பது 33 ஆகிறதாம், அதாவது 30 நிமிடத்தில் அது முடிக்கவில்லை. மூன்று ட்யூபின் ஏற்ற இறக்கத்தையும் எழுதியிருக்கிறான், கேட்காமலே.

"டீ எண்ணை எடுத்துடலாமா அக்கா, அசிங்கமா இருக்கு" என்று கேட்டான். எடுக்காதே. வைவாவுக்கு வருபவர் ரசித்துப் படிக்கப் போகும் ஒரே வரி அதுதான்.

ஆகஸ்ட் 21

கடைசியாக அவன் கேட்டது: மீதி எக்ஸ்ட்ராக்ட் சைனா டிஷ்ஷில் வெல்லப்பாகு மாதிரி ஒட்டிக்கொண்டு ஈரம் இழுக்கிறது, என்ன செய்வது?

சுரண்டி எடுத்து சின்னக் குப்பியில் போடு, மூடியில் தேதியும் எடையும் எழுது, டெசிக்கேட்டரில் (ஈரம் புகாத மூடிய ஜாடி) வை. உள்ளே இருக்கும் சிலிக்கா ஜெல் நீலமாக இருக்கிறதா என்று முதலில் பார். இளஞ்சிவப்பாக இருந்தால் அது ஏற்கெனவே வயிறு முட்டத் தண்ணீர் குடித்துவிட்டது, ஓவனில் போட்டு நீலமாக்கிவிட்டு அப்புறம் வை.